கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒராங்குட்டான்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பூங்கா ஒன்றில் ஒராங்குட்டான் தாய் ஒன்று என் எதிரே வந்து உட்கார்ந்த கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். சில கொஞ்சம் காரமானவை, அவற்றையும் மழுப்பவில்லை.

மனிதக் குரங்கும் குரங்குதானே? இதில் அப்படி என்ன அதிசயம்?

வாலைத் தேடிப் பாருங்கள். சாதாரணக் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வால் உண்டு. மனிதக் குரங்குகள் எதற்கும் கிடையாது. கொரில்லா, சிம்பன்சி, போனபோ, ஒராங்குட்டான் ஆகியவை பெரிய மனிதக் குரங்குகள். கிப்பன்கள் உருவில் சிறிய உறவினர்கள்.

அதிசயம் உறவுமுறையில் இருக்கிறது. நம் மரபணுத் தொடரும் சிம்பன்சியின் தொடரும் ஏறக்குறைய 98.8 விழுக்காடு ஒத்துப்போகின்றன. சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. சிம்பன்சியிடம் கேட்க முடிந்தால் அதற்கும் சுருங்கலாம்.

பூங்காக்களில்தான் நிறைய இருக்கின்றனவே, பிறகு எப்படி அழியும் இனம் என்கிறார்கள்?

பூங்காவில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. காட்டில் எத்தனை மிச்சம் என்பதுதான் கணக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் போர்னியோ, சுமத்திரா, தபானுலி என்ற மூன்று ஒராங்குட்டான் இனங்களும் மிக மோசமான ஆபத்து நிலையில் இருக்கின்றன. காட்டிலிருந்தே மறைவதற்கு ஒரு படி முந்தைய நிலை அது. கொரில்லா இனங்கள் இரண்டும் அதே வரிசையில் நிற்கின்றன. தபானுலி ஒராங்குட்டானைத் தனி இனம் என்று அறிவியலாளர்கள் பெயரிட்டதே 2017-இல்தான். அப்போதே காட்டில் 800-க்கும் குறைவாகத்தான் இருந்தன.

போர்னியோவில் 1999 முதல் 2015 வரையிலான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் குறைந்துபோயின என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காடழிப்பு ஒரு பக்கம், வேட்டை இன்னொரு பக்கம். இழந்ததை அவற்றால் விரைவில் ஈடுகட்டவும் முடியாது. ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஒரு தாயைச் சுட்டால் போவது ஓர் உயிர் அல்ல, ஒரு வம்சக் கிளை.

நல்ல செய்தி என்று ஒன்றுதான் சொல்ல முடிகிறது. கிழக்குக் கொரில்லா இனத்தின் ஓர் உள்ளினமான மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதால் 2018-இல் அவற்றை மட்டும் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கினார்கள்.

அன்று என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

மழை நாள். கூட்டம் இல்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டித் தரையில், பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தேன். மேலே கயிற்றில் இருந்த தாய், இடுப்பில் குட்டியோடு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்து எதிரே அமர்ந்தது. என் முகத்தை அது பார்க்கவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்தது. பிறகு மடக்கிய விரலால் கண்ணாடியில், சரியாகப் பைக்கு நேராக, தட்டியது.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். சீப்பைப் பார்த்தது, அலட்சியமாக விட்டது. சாவிக்கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. குடையை விரித்ததும் குட்டி தாயின் முடியை இறுகப் பிடித்துக்கொண்டது, தாய் அசையவில்லை. அப்புறம் அதன் பார்வை என் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் விழுந்தது. அதற்குப் பிறகு பை அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கண்ணாடியில் அந்த இடத்தைத் தொட்டது, எடுத்தது, மீண்டும் தொட்டது. பிளாஸ்திரியைப் பிரித்தேன். கத்தி பட்ட சிறிய காயம்தான். கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை ஒட்டி, உதடுகளைக் குவித்து, நான் பார்த்த எந்த மருத்துவரையும்விடப் பொறுமையாக அதை ஆராய்ந்தது.

பார்த்து முடித்ததும் பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டது. விடைபெறுதல் எல்லாம் இல்லை.

கையைத் தொட்டீர்களா? அவ்வளவு பக்கத்தில் கண்ணாடி எதற்கு?

தொடவில்லை, தொட வழியும் இல்லை. கண்ணாடி நம்மைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. நம்மிடமிருந்து அவற்றைக் காப்பாற்றுவதும் அதே கண்ணாடிதான். நமக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் வகை ஒன்று 2013-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் பரவி, ஒரே சிம்பன்சிக் கூட்டத்தில் ஐந்தைக் கொன்றது. 2021 ஜனவரியில் சான் டியேகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கோவிட் வந்தது. அதைத் தொடர்ந்து சான் டியேகோ உயிரியல் பூங்காவில் ஒராங்குட்டான்களுக்கும் போனபோக்களுக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் கேரன் என்ற ஒராங்குட்டானும் உண்டு. 1994-இல் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதல் மனிதக் குரங்கு அதுதான்.

இன்று பெரும்பாலான நல்ல பூங்காக்களில் பராமரிப்பாளர்களே வளர்ந்த கொரில்லா இருக்கும் அடைப்புக்குள் போவதில்லை. இடையே எப்போதும் கம்பி வலை இருக்கும். பூங்காக் கொரில்லாக்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, இதய நோய் பெரிய எமன். அதனால் அழைத்ததும் வந்து வலையோடு மார்பை ஒட்டி நிற்கப் பழக்கி, மயக்க மருந்து இல்லாமலே ஸ்கேன் எடுக்கிறார்கள்.

உங்கள் காயத்தைப் பார்த்து அது இரக்கப்பட்டது என்கிறீர்களா?

அப்படி நான் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். மனிதக் குரங்குகளுக்குக் காயங்கள் மீது தீராத ஆர்வம் உண்டு. காபோன் நாட்டின் லோவாங்கோவில் சிம்பன்சிகள் பூச்சிகளைப் பிடித்துத் தம் காயத்திலும் மற்றவற்றின் காயத்திலும் வைத்து அழுத்துவதை 2022-இல் வெளியான ஆய்வு விவரித்தது. சுமத்திராவில் ராகுஸ் என்ற ஆண் ஒராங்குட்டான், மருத்துவக் குணமுள்ள கொடி ஒன்றின் இலையை மென்று, சாற்றைத் தன் முகக் காயத்தில் தடவி, மென்ற இலையை மேலே அப்பியதை 2022-இல் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

எனவே அது என் காயத்தைக் கவனித்தது என்று அடித்துச் சொல்வேன். கவனித்ததற்குக் காரணம் பரிவா, வெறும் ஆர்வமா, மழை நாளின் சலிப்பா என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். அதற்கு நாம் வசனம் எழுதினால் எழுத்து நம்முடையதாகத்தான் இருக்கும்.

பையைச் சுட்டிக்காட்டும் அளவுக்கெல்லாம் அறிவு உண்டா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

ஒராங்குட்டானைப் பொறுத்தவரை குறைத்துச் சொல்லித்தான் ஏமாந்திருக்கிறார்கள். 1968-இல் அமெரிக்காவின் ஒமாஹா பூங்காவில் ஃபூ மான்சு என்ற ஒராங்குட்டான் திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது. கதவைப் பூட்டாமல் விடுகிறார்கள் என்று ஊழியர்கள் மீது சந்தேகம் எழுந்தது. கடைசியில் பார்த்தால், கம்பித் துண்டு ஒன்றை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளித்து வைத்திருந்து, ஆள் இல்லாத நேரத்தில் அதை வைத்து நெம்பித் திறந்திருக்கிறது.

சுவீடனின் ஃபுருவிக் பூங்காவில் சாந்தினோ என்ற சிம்பன்சி, பார்வையாளர் வருவதற்கு முன்பே, காலையில் அமைதியாகக் கற்களைப் பொறுக்கிக் குவித்து வைத்துக்கொண்டது. கூட்டம் வந்ததும் வீசியது. வருங்காலத்துக்குத் திட்டமிடுவதற்குச் சான்றாக 2009-இல் இது ஆய்விதழிலேயே வந்தது. கோபம் வருவதற்கு முன்பே கோபத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது நம்மில் சிலருக்கு மட்டுமே கைவந்த கலை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் போனபோது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. என்ன செய்தால் அருகில் வரும்?

வரவழைக்க முடியாது. நான் சொல்லும் எதுவும் வரவழைக்கும் வித்தை அல்ல. வர நினைத்தால் வருவதற்குத் தடையாக இல்லாமல் இருக்கும் முறை. கூட்டமில்லாத வேளையில் போங்கள். பூங்கா திறந்தவுடன் போவது நல்லது. மழைத் தூறலும் நல்லது. நிற்காமல் உட்காருங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். வந்து இரண்டு நிமிடத்தில் அடுத்த விலங்குக்கு ஓடும் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விடுங்கள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதற்கு அந்த வசதி இருக்க வேண்டும். பார்வையாளர் கண்ணிலிருந்து ஒதுங்க இடமே இல்லாத அடைப்பில் ஒரு விலங்கு உங்கள் அருகே இருந்தால், அது உங்களிடம் வந்ததாக ஆகாது.

கண்ணைப் பார்க்கக்கூடாது, சிரிக்கக்கூடாது என்கிறார்களே. சிரித்தால் என்ன?

கொரில்லாவிடம் நேராக, விடாமல் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. பல்லைக் காட்டுவதும் நட்பு அல்ல. சிம்பன்சி பல் வரிசை முழுவதும் தெரிய இளித்தால் பெரும்பாலும் அது பயந்திருக்கிறது என்று அர்த்தம். விளையாட்டு முகம் வேறு: வாய் தளர்வாகத் திறந்திருக்கும், மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்குள் மறைந்திருக்கும்.

2007 மே மாதம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவில் பொகிட்டோ என்ற ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகத் தாக்கியது. அவர் வாரத்தில் பலமுறை வந்து அதன் கண்ணைப் பார்த்துச் சிரிப்பவர். தான் சிரித்தால் அதுவும் சிரிக்கிறது என்று நம்பியவர். அன்பில் குறை இல்லை, வாசிப்பில்தான் பிழை. உயிர் பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வேறு பக்கம் பார்ப்பதுபோல் கண்கள் வரைந்த அட்டை மூக்குக்கண்ணாடிகளை விளம்பரத்துக்காகப் பார்வையாளர்களுக்கு வழங்கியது. வேடிக்கை என்றாலும் பாடம் சரிதான்.

ஒராங்குட்டான்கள் தாமே ஓரக்கண்ணால் பார்ப்பவை. நீங்களும் அப்படியே பாருங்கள், போதும்.

கொரில்லா முன்னால் மார்பில் தட்டிக் காட்டினால் பதிலுக்குத் தட்டுமாமே?

தட்டலாம். தட்டுவதோடு நிற்காமலும் போகலாம். 2015-இல், மேலே சொன்ன அதே ஒமாஹா பூங்காவில், ஒரு சிறுமி விளையாட்டாக மார்பில் தட்டிக் காட்ட, ஆண் கொரில்லா பாய்ந்து வந்து மோதியதில் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. பல அடுக்குகள் ஒட்டிய கண்ணாடி என்பதால் ஓர் அடுக்கோடு போயிற்று.

மார்பில் தட்டுவது கொரில்லாவுக்குக் கேளிக்கை இல்லை. உள்ளங்கையைக் குவித்துத் தட்டும் அந்த ஓசையில் உடல் அளவு தெரியும். பெரிய ஆண்களின் ஓசை கனத்து ஒலிக்கிறது என்று மலைக் கொரில்லாக்களிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது அது சொல்வது, “நான் எவ்வளவு பெரியவன் என்று கேட்டுக்கொள்.” நீங்கள் தட்டும்போது அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறீர்கள், பொய்யாக.

கைபேசியில் வீடியோ காட்டினால் ஆசையாகப் பார்க்கிறதே, காட்டலாமா?

வேண்டாம். சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்காவில் அமாரே என்ற இளம் ஆண் கொரில்லா பார்வையாளர் காட்டும் கைபேசித் திரையிலேயே மூழ்கிப்போனது. தன் கூட்டத்தில் இன்னொன்று பாய்ந்து வந்தபோதுகூடக் கவனிக்கவில்லை. 2022-இல் கண்ணாடிக்கு முன்னால் கயிறு கட்டிப் பார்வையாளரைத் தள்ளி நிறுத்தினார்கள். கொரில்லா பையனுக்கு அந்த வயதில் சக வயதுப் பயல்களோடு மோதிக் கற்கும் பாடம் நிறைய இருக்கிறது.

நான் பையிலிருந்து பொருட்களைக் காட்டியதும் இதே வகைதானே என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அது கேட்டது, அதற்கு அலுத்தது, போய்விட்டது. திரை அப்படி யாரையும் போக விடுவதில்லை. ஆனாலும் எதையும் காட்டக்கூடாது என்று பூங்காவில் பலகை இருந்தால் பலகைதான் சரி.

பழம்தானே, ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

கண்ணாடி பற்றிச் சொன்னபோது வந்த நோய்க் காரணமே இதற்கும் போதும். கூடவே, நாம் சாப்பிடும் பழங்கள் காட்டுப் பழங்களைவிட மிக இனிப்பானவை. பல பூங்காக்கள் மனிதக் குரங்குகளின் உணவில் இனிப்புப் பழங்களைக் குறைத்துக் கீரையும் இலையும் கூட்டியிருக்கின்றன.

கொரில்லா வாந்தி எடுத்து அதையே திரும்பத் தின்றது. குழந்தைகள் பயந்துவிட்டார்கள். நோயா?

நோயாக இருக்க வேண்டியதில்லை. பூங்காக் கொரில்லாக்களில் பரவலாகக் காணப்படும் பழக்கம் இது. காட்டில் இப்படி நடப்பதில்லை. காட்டில் நாளின் பெரும்பகுதி மென்றுகொண்டே கழியும். பூங்காவில் சாப்பாடு சத்தாகவும் சீக்கிரம் தீர்ந்துவிடுவதாகவும் இருந்தால், தின்றதையே மறுபடி தின்று பொழுதைப் போக்குகிறது. நார்ச்சத்தைக் கூட்டி, உணவைச் சிதறவிட்டுத் தேட வைத்தால் குறைகிறது என்பது பராமரிப்பாளர்களின் அனுபவம். குழந்தைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனிதக் குரங்கைப் பூங்காவில் வைப்பதற்கு அது தரும் விலைகளில் ஒன்று இது.

ஒரு குழந்தை உள்ளே விழுந்தால் கொரில்லா காப்பாற்றுமா, கொன்றுவிடுமா?

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு கதையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 1986 ஆகஸ்ட் 31 அன்று ஜெர்சி தீவின் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுவன் விழுந்து நினைவிழந்து கிடந்தபோது, ஜாம்போ என்ற ஆண் கொரில்லா அருகே வந்து முதுகைத் தடவி, மற்ற கொரில்லாக்களுக்கும் சிறுவனுக்கும் நடுவே நின்றது. சிறுவன் விழித்து அழுததும் தன் கூட்டத்தோடு விலகிச் சென்றது. 1996 ஆகஸ்ட் 16 அன்று சிகாகோவை அடுத்த புரூக்ஃபீல்டு பூங்காவில் பிந்தி ஜுவா என்ற பெண் கொரில்லா, தன் குட்டி முதுகில் இருக்க, விழுந்த மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கி வந்து பராமரிப்பாளர் வரும் கதவருகே வைத்தது. தாய்மை என்று உலகமே நெகிழ்ந்தது. மனிதர் கையில் வளர்ந்த அதற்குக் குட்டியைத் தூக்கவும், எடுத்து வந்து காட்டவும் பயிற்சி தந்திருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பயிற்சி இருந்ததால் செய்தது சிறிதாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

மூன்றாவது, 2016 மே 28, அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்கா. மூன்று வயதுச் சிறுவன் அகழியில் விழுந்தான். ஹராம்பே என்ற பதினேழு வயது ஆண் கொரில்லா அவனைத் தண்ணீரில் இழுத்துச் சென்றது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். மயக்க ஊசி போட்டிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். ஊசி வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். குத்திய வலியில் அந்த நிமிடங்களில் அது என்ன செய்யும் என்று எவராலும் உறுதி தர முடியாது. ஹராம்பே கெட்டது, ஜாம்போ நல்லது என்று பிரிப்பது வீண் வேலை. ஜாம்போ எதிரில் கிடந்தவன் அசையாமல் கிடந்தான். ஹராம்பேயைச் சுற்றி மேலே ஒரு கூட்டமே அலறிக்கொண்டிருந்தது. மூன்று இடத்திலும் முதலில் தோற்றது மனிதன் கட்டிய தடுப்பு.

இவ்வளவு அறிவுள்ளதை அடைத்து வைப்பது பாவம் இல்லையா? காட்டில் விட்டுவிடலாமே?

மனத்தை அதிகம் அரிக்கும் கேள்வி இது. காட்டில் விடுவது சொல்வதைப்போல் எளிதில்லை. ஒராங்குட்டான் குட்டி எதைத் தின்பது, எங்கே கூடு கட்டுவது என்பதைத் தாயோடு பல ஆண்டுகள் திரிந்துதான் கற்கிறது. பூங்காவில் பிறந்ததற்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை; மனிதனைக் கண்டு விலகும் பயமும் இல்லை. நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் பூங்காவில் பிறந்த தெமாரா என்ற பெண் ஒராங்குட்டானை 2006-இல் சுமத்திராவின் புக்கிட் திகாபுலு காட்டில் விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தயார்ப்படுத்திய பிறகு நடந்த அரிய முயற்சி அது. விடுவதற்குக் காடு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல்.

பூங்கா என்றாலே சிறை என்பவரோடும், பூங்காவால்தான் இனம் பிழைக்கிறது என்பவரோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு பூங்காவைப் பார்த்தால் நான் கவனிப்பவை: ஏற உயரம் இருக்கிறதா, ஒதுங்க மறைவு இருக்கிறதா, கூட்டமாக வாழும் இனத்தைத் தனியாக வைத்திருக்கிறார்களா, இவை வந்த காட்டுக்குப் பணமும் ஆளும் போகிறதா. இவற்றுக்கு விடை இல்லாத இடத்துக்கு டிக்கெட் வாங்கமாட்டேன்.

மறுபடி போனால் உங்களை அடையாளம் தெரியுமா?

பழகியவர்களை நினைவு வைக்கும். கூட்டாளிகளின் படங்களைக் காட்டிச் சிம்பன்சிகளையும் போனபோக்களையும் சோதித்த ஆய்வு 2023-இல் வெளியானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்க்காத உறவுகளின் முகத்தில்கூட லூயிஸ் என்ற போனபோவின் பார்வை கூடுதல் நேரம் நின்றது. ஆனால் ஒரு மழை நாளில் பையைத் திறந்து காட்டிய ஆளுக்கு அந்த வரிசையில் இடம் கேட்பது பேராசை.

குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்க விடும் இடம் இருக்கிறதாம். போகலாமா?

போகாதீர்கள். மனிதக் குரங்குத் தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியைக் கொடுக்காது. காட்டிலிருந்து கடத்தப்படும் குட்டி ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கொல்லப்பட்ட தாய் இருக்கிறது என்று கொள்ளலாம். சிம்பன்சி, கொரில்லா என்றால் காக்க வந்த மற்றவையும் சேர்ந்து சாகும். குட்டி அங்கேயே பிறந்தது என்று சொன்னாலும், தாயிடமிருந்து ஏன் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். அப்படிப்பட்ட படத்தை வேறு யாராவது பகிர்ந்தாலும் விரும்பாதீர்கள், பரப்பாதீர்கள். படத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் ஆசைப்படுகிறார்.

பூங்காவே வேண்டாம், காட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். அது மேல் அல்லவா?

பணம் இருந்தால், விதியை மதித்தால், ஆம். முதலில் ஒன்று: பூங்காக்களில் நீங்கள் பார்ப்பவை ஏறக்குறைய எல்லாமே மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லாவைப் பார்க்க ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் காடுகளுக்குத்தான் போக வேண்டும். ருவாண்டாவில் வெளிநாட்டவருக்கான அனுமதிச் சீட்டு 2017 முதல் 1,500 அமெரிக்க டாலர். அந்தப் பணம் காவலுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போவதால்தான், முன்பு சொன்ன அந்த ஒரே நல்ல செய்தி நிகழ முடிந்தது.

கொரில்லாவோடு இருக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும். அங்கே கண்ணாடி இல்லை. அந்த இடைவெளிதான் கண்ணாடி. குட்டி ஒன்று ஆர்வத்தில் உங்களை நோக்கி வந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான். கிளம்பும் நாளில் சளியோ காய்ச்சலோ இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு விடுதியிலேயே தங்கிவிடுங்கள், 1,500 டாலர் போனாலும்.